ஒன்பது விளிம்பு எண்ணிய பிள்ளை



சில வாரங்களுக்கு முன் மாலை நேர ஓதல் வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்து கொண்டிருந்த வேளை, ஒரு தாய் தன் மகனின் கணக்குக் கொப்பியோடு என்னிடம் வந்தார். "மௌலவி, இதக் கொஞ்சம் பாருங்களே. இவனுக்கு எண்ணக் கூடத் தெரியாமப் போச்சு. நானும் எட்டாம் வகுப்போட நிண்டவ. டியூசனுக்குப் போடுறதா?" என்று கேட்டார். மகன் பக்கத்தில் நின்று செருப்பால் மண்ணைக் கிளறிக் கொண்டிருந்தான்.

கொப்பியில் ஒரு சதுரமுகியின் படம் இருந்தது. முகங்கள் 3, விளிம்புகள் 9, உச்சிகள் 7 என்று பிள்ளை எழுதியிருக்கிறான். மூன்றுக்கும் சிவப்புக் கோடு. சரியான விடைகள் 6, 12, 8 என்பதே.

நான் அந்தப் படத்தை இன்னொரு முறை எண்ணிப் பார்த்தேன். நீங்களும் ஒரு பெட்டியின் படத்தை எடுத்து எண்ணிப் பாருங்கள். கடதாசியில் தெரிவது மூன்று முகம்தான், ஒன்பது விளிம்புதான், ஏழு உச்சிதான்! மற்ற மூன்று முகங்களும் மூன்று விளிம்புகளும் ஓர் உச்சியும் பின்னால் மறைந்து நிற்கின்றன. பிள்ளை கண்ணால் கண்டதை ஒன்றுகூடக் குறைக்காமல், கூட்டாமல் எழுதியிருக்கிறான். அவனுக்கு எண்ணத் தெரியாமலில்லை. அவன் கையில் யாரும் ஒரு பெட்டியைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இதை அந்தத் தாய்க்குச் சொன்னபோது மகன் கிளறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

நீளம், அகலம், உயரம் என்ற மூன்றும் உடைய உருவத்தைத் திண்மம் என்கிறோம். அதைப் படத்தில் கற்பிப்பது கஷ்டம். கையில் கற்பிப்பது இலகு. அதற்கு வேண்டிய பொருள்கள் பாடசாலையை விட உங்கள் குசினியில்தான் அதிகம். சவர்க்காரப் பெட்டியை எடுங்கள். உள்ளங்கையை வைத்துத் தடவக்கூடிய தட்டையான பரப்பு முகம். இரண்டு முகங்கள் சந்திக்கும் கோடு விளிம்பு. விளிம்புகள் கூடும் முனை, அதாவது விரலில் குத்துகின்ற இடம், உச்சி. ஒவ்வொரு முகத்திலும் பேனையால் இலக்கம் எழுதச் சொல்லுங்கள். ஆறாவது இலக்கம் தானாக வரும். விளிம்புகளை மேலே நான்கு, கீழே நான்கு, நிற்பவை நான்கு என்று பிரித்து எண்ணினால் ஒன்றும் தவறாது.

இனிப் பெயர்கள். எமது பிள்ளைகள் சவர்க்காரப் பெட்டியைச் 'சதுரம்' என்பார்கள், தோடம்பழத்தை 'வட்டம்' என்பார்கள். சதுரமும் வட்டமும் கடதாசியில் கிடப்பவை. அவற்றைத் தூக்க முடியாது. தூக்கக்கூடியதற்கு வேறு பெயர் வேண்டும். தோடம்பழத்தின் வடிவம் கோளம். சவர்க்காரப் பெட்டி கனவுரு. ஆறு முகங்களும் ஒரே அளவான சதுரங்களாக இருந்தால் மட்டுமே அது சதுரமுகி. பெயரிலேயே விளக்கம் இருக்கிறது பாருங்கள்: சதுரமான முகங்களை உடையது சதுரமுகி, நான்கு முகங்களை உடையது நான்முகி. அதற்கு உதாரணம் வீட்டில் இல்லையென்றால் ஓர் உருளைக்கிழங்கை எடுத்து வெட்டிக் காட்டுங்கள். ஆறு பக்கமும் சமமாக வெட்டுவது எவ்வளவு சிரமம் என்பதும் அப்போது விளங்கும். கிழங்கு கறிக்குப் போகட்டும், வீணாகாது.

பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது கூம்பு, கூம்பகம் என்ற இரண்டிலும்தான். பெயர்கள் அவ்வளவு ஒத்திருப்பதால் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. கடலை சுற்றித் தரும் கடதாசிச் சுருள் கூம்பு; அதன் அடி வட்டம், உடம்பு வளைந்த பரப்பு. எகிப்தின் கீஸாவில் நிற்கும் பிரமிட்டுகள் கூம்பகங்கள். அடி சதுரம், பக்கங்கள் தட்டையான முக்கோணங்கள். உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் வழுக்கிக் கொண்டே சுற்றி வருவது கூம்பு. ஒரு விளிம்பில் தடக்குவது கூம்பகம்.

இன்னொரு வழியும் உண்டு, அது கத்தி பிடிக்கும் உங்களுக்கு நன்றாகப் பொருந்தும். அச்சுப் பாணை நேராக வெட்டினால் துண்டுகள் ஏறக்குறைய ஒரே அளவாக வரும். அப்படி முதல் துண்டும் கடைசித் துண்டும் ஒன்றாகவே இருந்து, பக்கங்களும் தட்டையாக இருந்தால் அது அரியம். சீவாத பென்சில்களில் பல அறுகோண அரியங்கள். துண்டுகள் ஒரே அளவான வட்டங்களானால் உருளை. மீன் டின், பிட்டுக் குழல் எல்லாம் அந்தச் சாதி. துண்டுகள் சிறுத்துச் சிறுத்து ஒரு புள்ளியில் முடிந்தால், வட்டமாகச் சிறுப்பது கூம்பு, கோணங்களோடு சிறுப்பது கூம்பகம். அரபியில் அரியத்துக்கு 'மன்ஷூர்' என்று பெயர். வாளால் அறுக்கப்பட்டது என்பது பொருள். கிரேக்கப் பெயரின் பொருளும் அதுவே. யூக்ளிடின் கேத்திர கணித நூல் ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் அரபிக்கு வந்தபோது இப்பெயர்களை அறிஞர்கள் ஒவ்வொன்றாகத் தேடி வைக்க வேண்டியிருந்தது. கூம்பகத்துக்கு 'ஹரம்' என்பார்கள். மக்காவின் ஹரத்தோடு குழப்பிக் கொள்ளாதீர்கள், எழுத்தே வேறு.

மக்கா என்றதும் ஒரு பழைய சம்பவம். சொல்லாமல் விட்டால் மற்றவர்களின் சிவப்புக் கோட்டைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை.

கற்பிக்கத் தொடங்கிய ஆரம்ப வருடங்களில், கணித ஆசிரியர் வராத ஒரு நாள் அவரது பாடத்துக்கு என்னை அனுப்பினார்கள். சதுரமுகிக்கு உதாரணமாக நான் கஃபாவைச் சொன்னேன். அரபியில் சதுரமுகிக்கு 'முகஅப்' என்று பெயர். கஃபா என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வருவது. வுளூவில் நாம் கழுவுகின்ற கணுக்காலுக்கு 'கஃப்' என்பதும் அதே வேர்தான் என்றெல்லாம் உற்சாகமாக விளக்கினேன். ஒரு மாணவி எழுந்து, "மௌலவி சேர், கஃபா சதுரமுகி இல்லையே. வாப்பாட ஹஜ் புத்தகத்தில அளவு வேற வேற போட்டிரிக்கி" என்றாள். மரியாதையில்லாத பேச்சு என்று நினைத்து, கஃபாவைப் பற்றி அப்படிப் பேசலாமா என்று அதட்டி உட்கார வைத்தேன்.

வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். கஃபாவின் சுவர்கள் ஏறத்தாழ 11 மீற்றரிலிருந்து 13 மீற்றர் வரை நீளமானவை, நான்கும் சமமில்லை. உயரம் 13 மீற்றருக்குச் சற்று மேல். கணக்கின்படி அது கனவுருவுக்குக் கிட்டிய வடிவம். மொழியில் நான் சொன்னது சரி, கேத்திர கணிதத்தில் அவள் சொன்னது சரி. கஃபாவின் கண்ணியத்துக்கு இதில் எந்தக் குறைவுமில்லை. குறைந்தது என் மதிப்பு மட்டும்தான். அடுத்த வாரம் வகுப்பில் என் பிழையைச் சொன்னேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை. அந்தத் தவணை முழுவதும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஆகவே அந்தத் தாயிடம் டியூசன் பேச்சை விட்டுவிட்டு, ஒரு வேலையைச் சொல்லி அனுப்பினேன். நீங்களும் செய்து பாருங்கள். ரொட்டிக்குக் குழைத்த மாவில் சிறு உருண்டைகள் பிடியுங்கள்; அவை உச்சிகள். விளக்குமாற்றிலிருந்தல்ல, புதிய தென்னோலையிலிருந்து ஈர்க்குகள் எடுத்துச் சம நீளத்துக்கு ஒடியுங்கள், அவை விளிம்புகள். எட்டு உருண்டை, பன்னிரண்டு ஈர்க்கு கொண்டு சதுரமுகி கட்டலாம். நான்கு உருண்டை, ஆறு ஈர்க்கு கொண்டு நான்முகி கட்டலாம். இடையில் திறந்திருக்கும் ஜன்னல்களே முகங்கள். இங்கே ஒன்றும் மறைந்து நிற்காது. பின் விளிம்பும் முன் விளிம்பும் ஒருசேரத் தெரியும்.

எண்ணியது சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஓயிலர் என்ற கணித மேதை 1750 இல் தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சொன்னது: உச்சிகளையும் முகங்களையும் கூட்டினால், விளிம்புகளை விட இரண்டு கூடுதலாக வரும். சதுரமுகியில் 8 உம் 6 உம் 14, விளிம்பு 12. நான்முகியில் 4 உம் 4 உம் 8, விளிம்பு 6. தட்டையான முகங்களாலான பெட்டி, அரியம், கூம்பகம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கோளத்துக்கும் உருளைக்கும் கூம்புக்கும் இதைப் போட்டுப் பார்க்க வேண்டாம், அவற்றின் பரப்பு வளைந்தது.

மறுவாரம் அந்தத் தாய் வந்தார். அன்றிரவு ரொட்டி பிந்திவிட்டதாம். மகன் கட்டிய சதுரமுகி சாய்ந்து சாய்ந்து விழுந்ததாம், நான்முகி மட்டும் அசையாமல் நின்றதாம். "அது ஏன் மௌலவி?" என்று அவரே கேட்டார். மகன் முந்திக்கொண்டான்: "முக்கோணத்தச் சரிக்க ஏலாது உம்மா. ஈர்க்கு ஒடியணும்."