வலிக்கு மருந்து இருக்கிறது

இந்த வாரம் காலைப் பேப்பருக்குள் செருகி வந்த ஒரு நோட்டீஸ் என்னைக் கோபப்படுத்திவிட்டது. 'உங்கள் வாழ்வின் நோக்கத்தைக் கண்டறியுங்கள்' என்று நட்சத்திர ஹோட்டலில் இரண்டு நாள் பயிலரங்காம். கட்டணம் கிடக்கட்டும். பின்பக்கம் அச்சிட்டிருந்த கேள்விகள் எல்லாமே 'எனக்கு என்ன பிடிக்கும்', 'நான் எதில் சிறந்தவன்' என்ற ரகம். அடுத்த மனிதரைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

சிசிலி சாண்டர்ஸ் தன் வாழ்வின் நோக்கத்தை அப்படி உட்கார்ந்து தேடியவர் அல்ல. லண்டனில் நர்ஸாக இருந்து, முதுகுவலியால் அந்த வேலையை விட்டு, மருத்துவமனையில் சமூகப் பணியாளரானவர். 1948இல் டேவிட் தாஸ்மா என்ற போலந்து யூதர், சொந்தபந்தம் யாருமில்லாமல் புற்றுநோயில் இறந்துகொண்டிருந்தார். சிசிலி அடிக்கடி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். சாகப்போகிறவர்கள் நிம்மதியாக இருக்க ஓர் இடம் வேண்டும் என்ற யோசனை அந்தப் பேச்சில்தான் பிறந்தது. தாஸ்மா தன்னிடமிருந்த 500 பவுண்டை அதற்கென்று விட்டுப்போனார். டாக்டரானால்தான் தன் பேச்சு எடுபடும் என்று, முப்பது வயதைத் தாண்டிய பிறகு சிசிலி மருத்துவம் படிக்கப் போனார். 1957இல் டாக்டரானார். அவர் நினைத்த அந்த இடம், செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லம், திறந்தது 1967இல்.

அவர் அழுத்திச் சொன்ன மருத்துவ விஷயம் ஒன்று உண்டு. நோயாளி துடித்துக் கெஞ்சிய பிறகு மார்ஃபின் கொடுக்கக் கூடாது. வலி திரும்புவதற்கு முன்பே, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

அந்த மார்ஃபினின் மூலப்பொருள் நம் நாட்டிலேயே விளைகிறது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமம் பெற்று அபின் பயிராகிறது. அதிலிருந்துதான் மார்ஃபின் எடுக்கிறார்கள். விளைவிக்கும் நாட்டிலேயே புற்றுநோயாளிகள் இரவெல்லாம் அலறுகிறார்கள். 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடத்தல்காரர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பத்தாண்டுச் சிறை, ஏகப்பட்ட உரிமம் என்று மிரண்டு, ஆஸ்பத்திரிகள் இந்த மருந்தை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. 2014இல் சட்டத்தைத் திருத்தினார்கள்; மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒரே அனுமதி போதும் என்றாயிற்று. பயம் மட்டும் போகவில்லை. 'பழகிவிடும்' என்று இன்றும் சொல்கிறார்கள். இன்னும் சில வாரமே இருக்கப்போகிற மனிதருக்கு அந்தப் பயத்தைக் காட்டி வலியை விட்டுவைப்பது கொடுமை.

கோழிக்கோடு இதற்கு வழி காட்டியது. மயக்க மருந்து நிபுணர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களும் 1993இல் அங்கே மருத்துவக் கல்லூரியில் வலி நிவாரணச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கே போவது என்று அது வளர்ந்தது. மலப்புறத்தில் அக்கம்பக்கத்துக்காரர்களே கூடிச் செய்தார்கள். 2008இல் கேரள அரசு அதைக் கொள்கையாக்கியது. பஞ்சாயத்துகள் கையில் எடுத்துக்கொண்டன.

அப்படி வீட்டுக்கு வரும் தன்னார்வலர் டாக்டர் இல்லை. வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கும் சாதாரண ஆள், பயிற்சி எடுத்தவர். படுத்த படுக்கையாக இருப்பவரைத் தோளைப் பிடித்து இழுக்காமல், விரிப்போடு சேர்த்து ஒருக்களிக்கத் தெரியும். குதிகாலையும் இடுப்பெலும்புப் பக்கத்தையும் பார்ப்பார். அங்கே சிவந்திருந்தால் படுக்கைப் புண்ணுக்கு முதல் அறிகுறி. புண் இருந்தால், கூட வரும் நர்ஸ் அதைக் கழுவி, மெட்ரோனிடஸோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுவார். நாற்றம் அடங்கும். நாற்றம்தான் பெரிய கொடுமை. அதனால்தான் பார்க்க வருகிறவர்கள் வாசலோடு நலம் கேட்டுவிட்டுப் போகிறார்கள். அது அடங்கினால் பேரப்பிள்ளை கட்டிலில் ஏறி உட்கார்கிறது. மார்ஃபின் மாத்திரையோடு மலமிளக்கியும் கட்டாயம் கொடுத்துவிட்டு, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று வீட்டாருக்குச் சொல்லிவைப்பார் நர்ஸ். ராத்திரி தூக்கம் கெடாமலிருக்க, படுக்கப்போகும்போது இரட்டை அளவு.

உங்கள் தெருவில் புற்றுநோய் முற்றி வலியில் கிடப்பவர் யாராவது இருந்தால், அந்த வீட்டுக்காரர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மார்ஃபின் தேவையா என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். தேவை என்று சொல்லிவிட்டு எழுதித்தரத் தயங்கினால், 2014 திருத்தத்தைச் சொல்லி, எழுதித்தரும் இடம் எது என்று கேட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.