கொலுவுக்குப் பவளக்கல் வேண்டாம்

சென்ற ஜனவரியில் நானும் என் மனைவியும் அந்தமான் போய் வந்தோம். புறப்படும் முன், பெஹாலாவில் எங்கள் அடுத்த வீட்டு மாமி, "கொலுவில் பார்க் கட்ட நாலு பவளக்கல் கொண்டு வாங்கோ" என்றார். வெறுங்கையுடன்தான் திரும்பினேன். மாமிக்கு வருத்தம். அவரிடம் சொன்ன காரணத்தைச் சங்கத்து அன்பர்களுக்கும் சொல்லிவிடலாம் என்றே இதை எழுதுகிறேன்.

போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சுமார் 30 கிலோமீட்டரில் வண்டூர். 1983-இல் ஏற்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்கு அங்கிருந்துதான் படகு. ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்ற இரு தீவுகளில், ஒன்றில் ஆட்களை விடும் மாதங்களில் மற்றதற்கு ஓய்வு. பிளாஸ்டிக் பை இருக்கிறதா என்று கரையிலேயே சோதிக்கிறார்கள். "காசு கொடுத்தும் இத்தனை கெடுபிடியா?" என்று வரிசையில் சிலர் முணுமுணுத்தார்கள். அந்தக் கெடுபிடியால்தான் பார்ப்பதற்கு அங்கே ஏதாவது மிச்சம் இருக்கிறது.

என் முழங்கால்கள் கடலில் இறங்க ஒத்துழைக்கவில்லை. அடியில் கண்ணாடி பதித்த படகிலிருந்து பார்த்ததே போதுமானதாக இருந்தது. மான் கொம்பு போல் கிளைத்த பவளம், மூளை போல் மடிப்பு விழுந்த பவளம், நடுவே வரிவரியாய் மீன் கூட்டம். மூச்சுக்குழாய் மாட்டி மிதந்த இளைஞர் ஒருவர் களைத்துப்போய்ப் பவளத்தின் மேலேயே ஏறி நின்றுவிட்டார். வழிகாட்டி பதறிப்போய்க் கத்தினார். மூளைப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். அதைச் சேதப்படுத்த ஒரு மிதி போதும்.

எனக்கு என் ஊர் தூத்துக்குடி நினைவுக்கு வந்தது. என் சிறு வயதில் கடலிலிருந்து பவளப்பாறையை வெட்டி வள்ளங்களில் கொண்டு வந்து, காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குவார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் பூசியதும் அதுதான். தவறு என்று யாருக்கும் தோன்றவில்லை. பலன்? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீரில் மூழ்கிவிட்டன. வான் தீவு தேய்ந்துபோய், 2015-லிருந்து காங்கிரீட்டில் செயற்கைப் பாறைகளை இறக்கி அதைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

ரயில்வேயில் இருந்தபோது, ஆற்று நீர் மோதும் மண்கரைக்குக் கல் பாவுவோம். 'ஒரு கல்தானே' என்று அலட்சியமாக விட்டால் அடுத்த வெள்ளத்தில் கரையே போய்விடும். தீவுக்குப் பவளப்பாறைதான் அந்தக் கல்வரிசை. உயிருள்ள கல். விட்டுவைத்தால் தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்ளும். அலையின் வேகத்தை அது தாங்குவதால்தான் தீவு நிற்கிறது.

கடல் சூடேறி, 1998-லும் 2010-லும் அந்தமானில் பவளங்கள் வெளுத்து மடிந்தன. அதைத் தடுப்பது நம் ஒருவர் கையில் இல்லை. மிதிக்காமல், ஒடிக்காமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது. மேலும், 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் பட்டியலில் இருக்கின்றன. பெட்டியில் வைத்துக் கொண்டு வருவது குற்றம்.

நம் ஊரிலிருந்து விமானமும் உண்டு, கிதிர்பூரிலிருந்து கப்பலும் உண்டு. அவசியம் போய்ப் பாருங்கள். பார்த்ததை மனத்தில் மட்டும் கொண்டு வாருங்கள்.

மாமியின் கொலுவுக்குக் களிமண்ணில் பவளம் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். கங்கை மண்ணுக்கு இங்கே பஞ்சமா என்ன?