கோல் ஒடியட்டும், குழந்தை மனம் ஒடிய வேண்டாம்

பொங்கல் விழா, ஆண்டு விழா என்றால் குழந்தைகளுக்கென்று ஒரு மாஜிக் நிகழ்ச்சியும் சேர்ப்பது நம் சங்கங்களில் வழக்கமாகி விட்டது. நல்ல வழக்கம்தான். பாட்டுக் கச்சேரியில் நெளிந்துகொண்டிருந்த வாண்டுகள் எல்லாம் மந்திரக்கோலைக் கண்டதும் முன்வரிசைக்கு ஓடி வந்து உட்கார்ந்து விடுகின்றன. வித்தைக்கும் புணேவுக்கும் உறவு பழையது. 1984-இல் மறைந்த ஜாதுகார் ரகுவீர் இவ்வூர்க்காரர். அவருக்குப் பின் மகன், பேரன் என்று அக்குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இக்கலை வளர்ந்திருக்கிறது.

புறாவையும் பூவையும் விடக் குழந்தைகளை அதிகம் சிரிக்க வைப்பது சொன்ன பேச்சைக் கேட்காத மந்திரக்கோல்தான். வித்தைக்காரர் கையில் விறைப்பாக நிற்கும். ஒரு குழந்தையிடம் கொடுத்த மறுகணம் துண்டு துண்டாகி, வாடிய கீரைத்தண்டு போலத் தொங்கும். உள்ளே மந்திரம் ஏதுமில்லை. துளையிட்ட சிறு துண்டுகளை ஒரு கயிற்றில் கோத்திருப்பார்கள். கயிற்றை இழுத்துப் பிடித்தால் கோல், விட்டால் மாலை. அவ்வளவுதான்.

இந்தக் கோமாளித்தனம் வித்தைக்கு இழுக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நம் தெருக்கூத்தில் ராஜா வருமுன்பே கட்டியங்காரன் வந்து அந்த ராஜாவையே கேலி செய்யவில்லையா? வடக்கே தெருவில் வித்தை காட்டுபவரிடம் ஜமூரா என்ற சிறுவன் ஏட்டிக்குப் போட்டியாகப் பதில் சொல்லவில்லையா? இங்கிலாந்தில் டாமி கூப்பர் என்பவர் (1921-1984) வித்தைகளைத் தவறவிட்டே புகழ் பெற்றார். நாள் முழுவதும் பெரியவர்களின் கட்டளைக்குக் கீழ்ப்படியும் குழந்தை, ஒரு பெரியவர் தடுமாறுவதைப் பார்க்கிறது. "அங்கிள், பின்னாடி பாருங்க!" என்று அவருக்கே வழி சொல்கிறது. அந்தச் சந்தோஷத்தை எந்தப் புறாவும் தராது.

ஆனால் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. கோல் தொங்கியதும் சில வித்தைக்காரர்கள், "ஐயையோ, உடைச்சிட்டியே! உங்கப்பாகிட்ட ஐந்நூறு ரூபாய் வாங்கிட்டு வா" என்று கூவுகிறார்கள். சபை கொல்லென்று சிரிக்கிறது. ஒன்பது வயதுப் பையன் விளையாட்டைப் புரிந்துகொண்டு தானும் சிரிப்பான். நான்கு வயதுக் குழந்தையோ நிஜமாகவே உடைத்துவிட்டோம் என்று உதட்டைப் பிதுக்கும். இங்கே கேலிப்பொருள் கோலும் இல்லை, வித்தைக்காரரும் இல்லை. குழந்தைதான்.

ரயில்வேயில் பணி செய்தவன் என்பதால் எனக்குப் பழைய கைகாட்டி நினைவுக்கு வருகிறது. கேபினில் நெம்புகோலை இழுத்தால் நீண்ட கம்பி வழியாகக் கை தாழ்ந்து, வண்டிக்கு வழிவிடும். கம்பி அறுந்து போனால்? எதிர் எடை கையைத் தானாக உயர்த்தி, "நில்" என்று காட்டிவிடும். கருவி பழுதாகலாம், ஆனால் பழுதானாலும் ஆபத்தில்லாத பக்கமாகவே அது சாயவேண்டும் என்பது ரயில்வேயின் பாலபாடம். மேடைக்கும் அதுவே சரி. வித்தை தவறினால், சிரிப்பு வித்தைக்காரர் தலையில் விழவேண்டும், மேடையேறிய பிஞ்சின் தலையில் விழக்கூடாது.

நம் குழந்தைகளுக்கு இது இரட்டிப்பு முக்கியம். பள்ளியில் ஆங்கிலம், தெருவில் மராத்தியும் இந்தியும், பாட்டியிடம் மட்டும் தமிழ் என்று வளர்கிறவர்கள் இவர்கள். "உன் பேர் என்னம்மா? என்ன படிக்கிறே?" என்று ஒலிபெருக்கியில் கேட்டால் தயங்கித் தயங்கி, பாதி இந்தி கலந்து பதில் வரும். அதற்கும் சபை சிரிக்கிறது. பாசத்தோடு சிரிப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். குழந்தைக்கு அது தெரியுமா? அன்றைக்கு ஒடிவது பொம்மைக்கோல். கூடவே தமிழில் வாய் திறக்கும் தைரியமும் ஒடிந்து போனால், அதை எந்தக் கயிற்றால் இழுத்துக் கட்டுவது?

விழாக் குழுவினருக்குச் சில யோசனைகள். நிகழ்ச்சிக்கு முன்பே வித்தைக்காரரிடம் பேசிவிடுங்கள். கோல் முதலில் அவர் கையிலேயே அடம் பிடிக்கட்டும். தானாகக் கை தூக்கும் குழந்தையை மட்டும் மேடைக்கு அழைக்கட்டும். தாய்மார்கள் பிடித்துத் தள்ள வேண்டாம். பழியை அவர் கோலின் மீதோ தன் மீதோ போட்டுக்கொள்ளட்டும். கடைசியில் அவர் பேச்சைக் கேட்காத கோல், குழந்தை ஊதியதும் நிமிர்ந்து நிற்கட்டும். கயிற்றை இழுப்பவர் அவர்தான் என்றாலும் கைதட்டல் குழந்தைக்குப் போகட்டும்.

கீழே உட்கார்ந்திருக்கும் நமக்கும் ஒரு வேலை உண்டு. மேடையில் ஒரு குழந்தை தப்பும் தவறுமாகத் தமிழ் பேசும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டு கைதட்டுவோம். அடுத்த பொங்கலுக்கு அக்குழந்தை மறுபடி கை தூக்கினால், அதுதான் உண்மையான மாஜிக்.