கதவுக்குக் கூலி இல்லை

நெல் கொள்முதல் நடக்கும் மாதங்களில் டெல்டா மாவட்டப் பக்கங்களில் ஒரு சின்னச் செய்தி தவறாமல் வரும். 1,000 டன் நெல் 21 வேகன்களில் ஏற்றப்பட்டு, அரவைக்காக இன்ன மாவட்டத்துக்கு அனுப்பி வைக்கப்பட்டது என்று நாலு வரி. கூடவே லாரியிலிருந்து மூட்டை இறங்கும் படம் ஒன்று. பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்தவர்களுக்குத் தெரியும், 'ஏற்றப்பட்டது', 'அனுப்பப்பட்டது' என்பவை செயப்பாட்டு வினைகள். செய்தவர் யார் என்று சொல்லாமலேயே வாக்கியத்தை முடித்துவிடலாம். அந்த நாலு வரியில் சொல்லாமல் விடப்பட்டவர்கள் பெரும்பாலும் நம் காலனிக்காரர்கள்.

40 கிலோ சிப்பம் என்று கணக்குப் போட்டால், 1,000 டன்னுக்கு 25,000 மூட்டை. ஒவ்வொரு மூட்டையும் லாரியிலிருந்து ஒருவர் முதுகுக்கு வந்து, பிளாட்பாரத்தைக் கடந்து, வேகனுக்குள் அடுக்கில் ஏறுகிறது. இந்த 25,000-க்கும் கணக்கு உண்டு. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கிறார்கள். மேஸ்திரி நோட்டில் கோடு போடுகிறார். கூலி போதாது என்பது வேறு சண்டை, அதைப் பற்றி இந்தப் பத்தியிலேயே முன்பு எழுதியிருக்கிறோம். இன்றைக்குச் சொல்ல வந்தது, அந்த நோட்டில் எந்தக் கோட்டுக்குள்ளும் வராத ஒரு வேலையைப் பற்றி. முதல் மூட்டை உள்ளே போகுமுன் வேகனின் கதவை யாராவது திறக்க வேண்டும். கடைசி மூட்டை போன பிறகு யாராவது மூட வேண்டும்.

பாசஞ்சர் ரயிலில் போகும்போது பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்கும் சரக்கு ரயிலைப் பார்த்திருப்பீர்கள். நெல், அரிசி, உரம், சிமெண்ட் போகும் மூடிய வேகன்களில் பக்கத்துக்கு இரண்டு வாசல் இருக்கும். நம் வீட்டுக் கதவு மாதிரி இல்லை அது. வாசலின் மேல்பகுதியில் இரண்டு கதவுகள், இடமும் வலமுமாகத் திறப்பவை. கீழ்ப்பகுதியில் ஒரே ஒரு இரும்புத் தகட்டுக் கதவு. அதன் கீல் தரைமட்டத்தில் இருக்கிறது, ஆகவே வெளிப்பக்கமாகக் கீழ்நோக்கித்தான் விழும். விழுந்தால் பிளாட்பாரத்துக்கும் வேகனுக்கும் நடுவே பாலம் போலக் கிடக்கும். அதன் மேல் மிதித்துத்தான் மூட்டையோடு உள்ளே போகிறார்கள். வடிவமைத்தவரின் புத்தியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒரே தகடு கதவாகவும் பாலமாகவும் ஆகிறது.

மூடும்போது எல்லாம் தலைகீழ். கீழே கிடக்கும் தகட்டை இரண்டு மூன்று பேர் சேர்ந்து தூக்கி நிறுத்த வேண்டும். அதைத் தோளால் முட்டுக் கொடுத்தபடி நிற்க, மற்றவர்கள் மேல்கதவுகளை இழுத்துச் சேர்க்க வேண்டும். பிறகு கொண்டியை வளையத்தில் மாட்டி, அதில் இரும்பு முளையைச் செருகி, கம்பி சுற்ற வேண்டும். அதற்கு மேல் எண் போட்ட சீல். சாவி போட்டுத் திறக்கும் பூட்டு என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. கொண்டி, முளை, கம்பி, சீல், அவ்வளவுதான். எல்லாமே வெளிப்பக்கம்.

கதவு புதிதாக இருந்தால் இதில் பெரிய சிரமம் இல்லை. ஆனால் வேகன் ஊர் ஊராகப் போவது. எங்கோ ஒரு ஊரில் முளை வரவில்லை என்று சம்மட்டியால் அடித்திருப்பார்கள். இன்னோர் ஊரில் கொண்டி உடைந்து, முறுக்குக் கம்பியால் கட்டி அனுப்பியிருப்பார்கள். உரமும் உப்புக் காற்றும் கீலைத் தின்றிருக்கும். அந்த வேகன் நம் ஊர் முனையத்தில் வந்து நிற்கும்போது, இத்தனை ஊர்களின் அடியும் துருவும் சேர்ந்து நம் ஆட்களின் கைக்கு வருகிறது. கடப்பாறையைக் கொடுத்து நெம்ப வேண்டும். கடப்பாறை யாருடையது என்று கேட்டோம். அவர்களுடையதுதான். வீட்டிலிருந்து கொண்டு வருகிறார்கள்.

இறக்குவதற்கு வரும் வேகன் என்றால் ஆபத்து இன்னும் கூடுதல். வழியில் குலுங்கி அடுக்குச் சரிந்து, மூட்டைகள் உள்ளேயிருந்து கதவில் சாய்ந்திருக்கும். வெளியே நிற்பவருக்கு அது தெரியாது. மேல்கதவைத் திறந்து கீழ்க்கதவின் பிடி விட்டதும், தகடும் மூட்டையும் சேர்ந்தே விழும். விலகிக்கொள்ள ஒரு நொடி. பழகியவர்கள் கதவுக்கு நேரே நிற்க மாட்டார்கள், பக்கவாட்டில் ஒட்டி நின்றுதான் முளையைத் தட்டுவார்கள். இதை யாரும் அவர்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்துச் சொல்லித் தரவில்லை. அடிபட்டவரைப் பார்த்துத்தான் அடுத்தவர் கற்றுக்கொண்டிருக்கிறார்.

அப்படி மற்றவர்களுக்குப் பாடமாகிப்போன ஒருவரைச் சந்தித்தோம். வலது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நிற்கின்றன. கொண்டியைச் சரிசெய்து மாட்டும்போது, முட்டுக் கொடுத்தவர்களின் பிடி நழுவிக் கதவு அடித்திருக்கிறது. ஆட்டோவுக்கும் கட்டுப் போடவும் ஒப்பந்தக்காரரின் ஆள் பணம் கொடுத்தாராம். நட்டஈடு என்று பேச்சு வந்தபோது கேட்ட கேள்விதான் நம்மை இந்தப் பத்தியை எழுத வைத்தது: "மூட்டை தூக்கும்போது நடக்கலையே?" கூலிக் கணக்கு மூட்டையோடு தொடங்கி மூட்டையோடு முடிகிறது. கதவில் போன விரல் எந்த மூட்டையின் கணக்கில் வரும்?

எல்லோருக்கும் தெரிந்த இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சரக்கு ரயிலில் ஏற்றவும் இறக்கவும் ரயில்வே ஒரு காலக்கெடு வைத்திருக்கிறது. அதைத் தாண்டினால் வேகன் கணக்கிலும் மணிக்கணக்கிலும் தாமதக் கட்டணம். குட்ஸ் ஷெட்டில் எல்லோர் வாயிலும் 'டெமரேஜ்' என்ற சொல் புழங்குகிறது. அதனால்தான் ராத்திரி இரண்டு மணிக்கு ரேக் வந்தாலும் காலனிக்கு ஆள் வந்து கதவைத் தட்டுகிறார். வேகன் சும்மா நிற்கும் மணிக்கு விலை இருக்கிறது. துருப்பிடித்த கதவோடு ஆறு பேர் மல்லுக்கட்டும் மணிக்கு விலை இல்லை.

மூடுவதும் அப்படித்தான். வேலை முடிந்ததும் கதவுகளை ஒழுங்காக மூடிக் கொண்டி போட வேண்டும் என்பது விதி. நல்ல விதி, தேவையான விதி. திறந்து தொங்கும் கதவோடு ஓடும் ரயில் சிக்னல் கம்பத்தில் மோதலாம், பிளாட்பார விளிம்பில் நிற்கும் பயணியை அடிக்கலாம். ரயிலை எடுக்குமுன் கார்டு (2022 முதல் அவருக்கு 'ட்ரெயின் மேனேஜர்' என்று பெயர்) பார்த்துக்கொண்டே வருவார். ஆக, அந்தக் கதவை மூடுகிறவர் நெல்லை மட்டும் காக்கவில்லை, வழிநெடுக நிற்கும் முகம் தெரியாத மனிதர்களையும் காக்கிறார். அது ரயில் பாதுகாப்பு வேலை. அந்த வேலையைச் செய்கிறவர் ரயில்வேயின் எந்தப் பதிவேட்டிலும் ஊழியர் இல்லை.

தொழில்நுட்பம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி போகும் வேகன்களைப் பாருங்கள். அதில் ஒரு வகைக்கு அடியில் கதவு. காற்றழுத்தத்தில் கதவு விலகும், கரி தானாகக் கீழே கொட்டும், காற்றழுத்தத்திலேயே கதவு மூடிக்கொள்ளும். இன்னொரு முறையில் வேகனையே கிரைண்டர் குடம் போலக் கவிழ்த்துக் கொட்டிவிடுகிறது ஒரு எந்திரம். கதவில் யாரும் கை வைக்கத் தேவையில்லை. மூட்டையை அப்படிக் கொட்ட முடியாது என்பது நமக்கும் புரிகிறது. ஆனால் கீழ்க்கதவின் எடையைத் தாங்க ஒரு சுருள்வில், நின்று முளையை எடுக்க ஒரு நீளக் கைப்பிடி, கீலுக்கு மாதம் ஒருமுறை எண்ணெய், இவையெல்லாம் ராக்கெட் விஞ்ஞானமா என்ன? கரி தாமதமானால் மின்சாரம் நிற்கும், அங்கே பொறியாளர் யோசிக்கிறார். விரல் போனால் அடுத்த ஆள் வருவார், இங்கே யோசிக்க அவசியமில்லை.

'இதிலும் சாதியா?' என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். 1938 பிப்ரவரியில் மன்மாட்டில், ஜி.ஐ.பி. ரயில்வேயின் ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் தலைமை ஏற்றுப் பேசினார். தொழிலாளிக்கு இரண்டு பகைவர்கள், பார்ப்பனியமும் முதலாளித்துவமும் என்று அவர் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். அதே பேச்சில் ரயில்வேயையே எடுத்துக்காட்டினார் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம். நம்மவர் கேங்மேனாகவே வாழ்நாளைக் கழிக்கிறார். போர்ட்டர் வேலைகூட அவருக்கு அரிது. ஏனென்றால் ஸ்டேஷன் மாஸ்டர் போர்ட்டரைத் தன் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வார், தீண்டத்தகாதவரை வீட்டுக்குள் விட முடியாது. வேலைக்கு இரும்பில் இலக்கணம் இருப்பது போல் சாதியில் ஒரு இலக்கணம் இருந்ததை அவர் காட்டினார். இன்றைக்கு ரயில்வேயில் இடஒதுக்கீட்டால் நம் பிள்ளைகள் லோகோ பைலட்டாகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் இருக்கிறார்கள். அதே பிளாட்பாரத்தின் கடைசியில், ஒப்பந்தம் என்ற வேலிக்கு அப்பால், பழைய இலக்கணம் அப்படியே இருக்கிறது.

நாங்கள் போன அன்று மதிய வெயில். நிழலுக்கு ஒரு கொட்டகை இல்லை. சாப்பிட்டவர்கள் காலி வேகனுக்குள் கால் நீட்டியிருந்தார்கள். மூத்தவர் ஒருவர் வந்து எல்லோரையும் எழுப்பிவிட்டார். காலி வேகனில் கண் அசரக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். யாராவது பார்க்காமல் கதவைச் சாத்திக் கொண்டி போட்டுவிட்டால், உள்ளேயிருந்து திறக்க ஒரு வழியும் இல்லை. சரக்குக்குச் செய்த கதவு அது.

அந்தக் கதவுக்குள் மனிதர்களை அடைத்தால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு ஒருமுறை பார்த்திருக்கிறது. 1921 நவம்பரில், மலபார் கிளர்ச்சியில் பிடிபட்ட சுமார் 100 கைதிகளை, அவர்களில் பெரும்பாலோர் மாப்பிளா முஸ்லிம்கள், திரூரில் ஒரு மூடிய சரக்குப் பெட்டியில் ஏற்றிப் பெல்லாரிக்கு அனுப்பியது வெள்ளை அரசு. கதவு வெளியே பூட்டியிருந்தது. காற்றுப் போக வழியில்லை. நமது கோவைக்குப் பக்கத்துப் போத்தனூரில் கதவைத் திறந்தபோது உள்ளே பிணங்கள். மாண்டவர்கள் 70 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஓய்வுக்கு ஒரு கூரை போட்டுக் கொடுக்காத முனையத்தில் வேகனுக்குள் படுத்திருந்தவர்களைப் பார்த்தபோது நமக்கு அந்தப் பெட்டி நினைவுக்கு வந்தது. மிகைப்படுத்துகிறோம் என்று தோன்றினால், ஒரு மதியம் வந்து பாருங்கள்.

இத்தனைக்கும், சரக்கு முனையங்களை மேம்படுத்த 2020-இல் ரயில்வே வெளியிட்ட தனியார் முதலீட்டுக் கொள்கையிலேயே தொழிலாளருக்கு நிழலோடு ஓய்விடம், குடிநீர், குளிக்க வசதி என்று எழுதியிருக்கிறது. சட்டமும் புதிதாக எழுத வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தில் மாத்தாடித் தொழிலாளர்கள் போராடி 1969-இல் ஒரு சட்டம் வாங்கினார்கள். சுமைக்கூலியைச் சரக்குக்காரர் வாரியத்தில் கட்ட வேண்டும், வாரியம் தொழிலாளிக்குத் தரும், நடுவில் ஒப்பந்தக்காரர் இல்லை. கேரளத்தில் 1978-இல் சுமைத் தொழிலாளர் சட்டம் வந்தது. நம் மாநிலத்திலும் 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது, நல வாரியம் இருக்கிறது. நாங்கள் பேசியவர்களில் வாரிய அட்டை வைத்திருந்தவர்கள் சிலர்தான். அட்டை இருந்தும் புதுப்பிக்காதவர்கள் அதிகம்.

நம் தோழர்கள் சிலரிடமே ஒரு மறுப்பு உண்டு. இந்த வேலையைச் செம்மைப்படுத்தக் கேட்பது நம்மை இதிலேயே கட்டிப்போடும், பிள்ளைகள் படித்து வெளியேறட்டும் என்பார்கள். வெளியேறட்டும், அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் பிள்ளை படித்து முடிக்கும் வரை ஃபீஸ் கட்டுகிற கைக்குப் பத்து விரலும் இருக்க வேண்டாமா? எந்திரம் வந்தால் வேலை போய்விடும் என்று தொழிலாளர்களே அஞ்சுவதும் நியாயம்தான். கதவைச் சீராக்குவதால் மூட்டை குறையப் போவதில்லை என்று அவர்களிடம் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, சொல்லாமல் விட மனமில்லை. எண்ணிக்கையில் மூட்டை குறைந்தால் முதலில் பார்ப்பது சீலை. சீல் உடையாமல் இருந்தால் வழியில் போகவில்லை என்று அர்த்தம். அடுத்த பார்வை, சீலுக்கு முன்னும் பின்னும் கதவில் கை வைத்தவர்கள் மேல். ஒரு துண்டுத் தகரத்தின் வாக்குக்கு இருக்கும் மரியாதை, தலைமுறையாக நெல் சுமந்தவரின் வாக்குக்கு இல்லை.

எங்கள் மனுவில் நாலு விஷயம்தான் கேட்டிருந்தோம். கதவைத் திறப்பதும் மூடுவதும் கூலி ஒப்பந்தத்தில் தனி வேலையாக எழுதப்பட வேண்டும். கடப்பாறையும் கையுறையும் கனத்த காலணியும் வேலை கொடுப்பவர் தர வேண்டும். பழுதான கதவுள்ள வேகனை ஏற்றுவதற்கு முன்பே பார்த்து ஒதுக்க வேண்டும். கதவில் அடிபட்டாலும் பணியில் அடிபட்டதாகவே எழுத வேண்டும். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தோம். ஒரு அலுவலகம் அது இன்னோர் அலுவலகத்தின் வேகன் என்றது. அந்த அலுவலகம் ஆட்கள் தங்கள் ஆட்கள் இல்லை என்றது. ஒப்பந்தக்காரர் கதவு தன் கதவு இல்லை என்கிறார்.

எனவே கணக்கெடுக்கத் தொடங்கியிருக்கிறோம். அடுத்த ரேக் வரும்போது, 21 வேகன், பிளாட்பாரப் பக்கம் 42 வாசல், எத்தனை கதவு சிக்கியது, எத்தனை கொண்டி உடைந்திருந்தது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர், எத்தனை நிமிடம் என்று எழுதப்போகிறோம். கல்லூரி மாணவர்கள் நாலைந்து பேர் தேவை. நோட்டும் பேனாவும் போதும். கதவுக்கு நேரே மட்டும் நிற்காதீர்கள்.