தகரக் கூரையும் துருவும்

மூணாற்றுத் தேயிலைத் தோட்ட லயங்களில் நாம் தகரக் கூரை என்பது பெரும்பாலும் தகரமன்று. துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. நீரும் பிராணவாயுவும் ஒருங்கே சேர்ந்தால் இரும்பு துருவாகும். மலைநாட்டு மழைக்காலத்தில் இவற்றுக்குக் குறைவேது? துரு பொருக்கெழுந்து உதிர்வதால் அடியிரும்பும் அரிக்கப்படும். துத்தநாகமோ காற்றிலுள்ள கரியமிலவாயுவோடு கூடிச் சாம்பல்நிறப் படலமொன்றைப் போர்த்துக்கொள்ளும். கீறல் விழினும் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். ஆயினும் ஈரச் சருகு மட்கிக் கிடக்குமிடத்தில் அப்படலம் நிலைக்காது. ஆகவே வைகாசி முடியுமுன் சருகை அகற்றி, ஆணித்துளைகளின் ஓரத்தைப் பாருங்கள். சிவந்திருந்தால் பூச்சுத் தீர்ந்ததென்று பொருள். குடியிருப்பைப் பழுதின்றிப் பேணும் கடமையை 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளிமீதே சுமத்தியது. சிவப்புப் பரவிய தகட்டை மாற்றித் தருமாறு, ஓட்டை விழும்வரை காத்திராது, நிர்வாகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.