பழசு இருக்கா, பழசு?

"எனக்கு ஒரு வீணை வேணும்" என்றாள் என் சகதர்மிணி.

குடித்துக்கொண்டிருந்த காபி புரையேறியது. இத்தனை வருஷத்தில் அவள் கேட்டதெல்லாம் மிக்ஸி, கிரைண்டர் ரகம்தான்.

"சின்ன வயசுல கீதம் வரைக்கும் கத்துக்கிட்டேன். அப்புறம் உங்களைக் கட்டிக்கிட்டேன். அதோட நின்னுபோச்சு!" என்று இரண்டே வரியில் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்தாள்.

தஞ்சாவூரில் இருந்துகொண்டு வீணைக்கா பஞ்சம்? ரகுநாத நாயக்கர் காலத்தில்தான் 24 மெட்டுகளோடு வீணை இன்றைய உருவத்துக்கு வந்தது என்பார்கள். 2013-ல் 'தஞ்சாவூர் வீணை' என்று புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. ஜம்பமாகக் கிளம்பினேன். குடமும் தண்டியும் ஒரே பலா மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்கு விலை கேட்டேன். என் பட்ஜெட் பதினைந்தாயிரம். அவர் சொன்னது அதைப் போல நாலு மடங்கு!

நண்பர் ஒருவர் காதைக் கடித்தார். "புதுசு எதுக்குய்யா? பழசு பாரு. மரம் காயக் காய நாதம் கூடும். நம்ம பக்கம் வீட்டுக்கு வீடு பரண்ல தூங்குது."

ஆரம்பித்தது படலம். பாபநாசத்தில் ஒரு வீணை. யாளிக்கு நாக்கைக் காணோம், பேரன் பிடுங்கி விளையாடிவிட்டானாம். தண்டி வேறு வில்லாக வளைந்திருந்தது. கும்பகோணத்தில் இன்னொன்று. புது வீணையைவிட விலை அதிகம்.

"பெரிய வித்வான் வாசிச்சது சார்!"

"எந்த வித்வான்?"

"பேருதான் ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது."

கடைசியில் திருவையாறு பக்கம் ஒரு கிராமம். குறுவை அறுப்பு நேரம். பாதி ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மீதியில் நான் போய்ச் சேர்ந்தேன். பழைய புடவையில் சுற்றி வைத்திருந்த வீணையை அந்த அம்மாள் பிரித்துக் காட்டினார். "எங்க மாமியாரோடது. ஏகாண்டம்" என்றார். பேரம் பேசிப் பேசிப் பதினோராயிரத்தில் முடித்தேன். உலகையே ஜெயித்த நினைப்பு!

நேராகத் தஞ்சாவூர் பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். குடமும் தண்டியும் சேருமிடத்தில் நகத்தால் கீறினார்.

"ஏகாண்டம்னு யார் சொன்னா? ஒட்டு வீணை சார். பாலிஷ்ல மறைஞ்சிருக்கு."

என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தார். "அதனால என்ன? நல்ல பலா. நாதம் இருக்கு. மெழுகுதான் செத்துப்போச்சு. 24 மெட்டையும் எடுத்துட்டு, புது மெழுகு போட்டு, ஒவ்வொரு ஸ்வரமாக் காதால கேட்டு மறுபடி வைக்கணும்."

"கூலி கொஞ்சம் பார்த்து..." என்று இழுத்தேன். பழகின நாக்கு!

பெரியவர் கோபிக்கவில்லை. "எல்லாரும் பழசுதான் கேக்கறீங்க. வாங்கினதும் எங்கிட்டதான் தூக்கிட்டு வர்றீங்க. எம் பையன் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போயிட்டான். புதுசு செஞ்சாத்தானே சார் இந்தக் கை பழகும்? கை இருந்தாத்தானே பழசுக்கு மெட்டு வைக்க ஆளு இருக்கும்? அதைவிடுங்க, இன்னிக்கு நான் செய்யறதுதானே நாளைக்குப் பழசு?"

எனக்குப் பதில் வரவில்லை. கேட்ட கூலியைப் பேசாமல் எண்ணிக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து வீணை வீட்டுக்கு வந்தது. அன்று ராத்திரி சமையலறை விளக்கை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஸ... ரி... க... விரல் தடுமாறியது. மறுபடி முதலிலிருந்து. பக்கத்து வீட்டு டி.வி. சத்தம்கூடக் குறைந்த மாதிரி இருந்தது. என் பிரமையாகவும் இருக்கலாம்.

"அவருக்கப்புறம் இதுக்கு யாருங்க மெட்டு வைப்பாங்க?" என்றாள் வாசிப்பதை நிறுத்தாமல்.

போன வாரம் அதே நண்பர் வந்தார். மகளுக்கு வீணை வேண்டுமாம். "எனக்கும் ஒரு பழசு பாரேன்!"

பெரியவர் பட்டறைக்கு வழி சொன்னேன்.

"புதுசா ஒண்ணு ஆர்டர் கொடுய்யா. ஐம்பது வருஷம் பொறுமையா இரு. தானாப் பழசாயிடும்!"