காரணம் தெரியாத வலியா? காரணம் தேடாத வலியா?

"எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்க."

கேட்பதற்கு நல்ல செய்தி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் முதுகைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து எழவே சிரமப்படும் ஒருவரிடம் இதைச் சொன்னால் அவர் என்ன செய்வார்? வலி பொய்யா, ரிப்போர்ட் பொய்யா என்று குழம்பியபடி வீட்டுக்குப் போவார்.

உடல் பருமனைக் குறைக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஒரு பகுதியினர் சந்திக்கும் நிலைமை இது. ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். 110 கிலோ இருந்தவர் 75 கிலோவுக்கு வந்திருப்பார். சர்க்கரை கட்டுக்குள் வந்திருக்கும். கல்யாண வீட்டில் பார்ப்பவர்கள் எல்லாம் "ஆளே மாறிட்டீங்களே!" என்பார்கள். அப்போதுதான் மெல்ல முதுகு வலிக்க ஆரம்பிக்கும். ஒரு எக்ஸ்-ரே, ஒரு ஸ்கேன், சில ரத்தப் பரிசோதனைகள். கடைசியில் ஃபைலில் ஒரு வரி: "காரணம் தெரியாத முதுகுவலி".

இந்த வரியைத்தான் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. காரணம் தெரியவில்லை என்பது வேறு, காரணத்தைத் தேடவில்லை என்பது வேறு. இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதை எழுதுவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது அந்த ஆபரேஷனுக்கு எதிரான கட்டுரை அல்ல. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே மரணங்கள் குறைவு என்று 2007-ல் காட்டியது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், மூட்டுவலி எல்லாம் பலருக்குக் குறைகின்றன. முதுகுவலியும் பெரும்பாலானவர்களுக்குக் குறையவே செய்கிறது. சிக்கலே இங்கேதான் தொடங்குகிறது. "எடை குறைந்தால் முதுகுவலி போகும்" என்று எல்லோரும் நம்புவதால், எடை குறைந்த பிறகு வலி வருபவரை யாரும் நம்புவதில்லை!

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பைபாஸ் முறையில் (இதயத்துக்குச் செய்வது அல்ல, இரைப்பைக்குச் செய்வது) இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கிறார்கள். உணவு முன்சிறுகுடலைத் தொடாமலே போய்விடுகிறது. கால்சியத்தை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும் இடம் அந்த முன்சிறுகுடல்தான். ஸ்லீவ் முறையில் குடலில் கை வைப்பதில்லை. ஆனால் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுவதால் உணவும் குறைகிறது, அமிலமும் குறைகிறது. இதோடு வைட்டமின் டி குறைவும் சேர்ந்துகொள்ளும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத இந்தியாவிலேயே இந்தக் குறைபாடு ஏராளமானவர்களுக்கு இருக்கிறது.

ரத்தத்தில் கால்சியம் குறையக் கூடாது என்பது உடம்பின் கண்டிப்பான விதி. குறைந்தால் இதயமும் நரம்பும் தடுமாறிவிடும். அதனால் கழுத்திலிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் ஹார்மோனை அதிகமாகச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கின்றன. வீட்டுச் செலவுக்குப் பணமில்லாமல் நகையை ஒவ்வொன்றாக அடகு வைப்பது மாதிரி. அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் நார்மல். பீரோவைத் திறந்தால்தான் விஷயம் தெரியும்.

"கால்சியம் நார்மல்" என்ற ரிப்போர்ட்டுக்கு இதற்கு மேல் மரியாதை கொடுக்க முடியாது. வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் மூன்றையும் பார்க்காமல் எலும்பைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. எக்ஸ்-ரேயை நம்பலாமா? எலும்பில் ஏறக்குறைய 30 சதவீதம் தாது கரைந்த பிறகுதான் அதில் தெளிவாகத் தெரியும். எலும்பு மென்மையாகிப் போனால் முதுகு, இடுப்பு, தொடை எங்கும் சரியாகச் சுட்டிக்காட்ட முடியாத ஒரு வலி இருக்கும். நோயாளி "இங்கேதான் என்று சொல்லத் தெரியல டாக்டர்" என்பார். உடனே அது மனப்பிரமை ஆகிவிடும்!

இது கற்பனை பயம் அல்ல. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட 12,676 பேரை வைத்து ஓர் ஆய்வு 2016-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு எலும்பு முறியும் இடங்களே மாறுகின்றன என்று அது சொன்னது. பருமனானவர்களுக்குப் பொதுவாக முறியும் காலின் கீழ்ப்பகுதி போய், எலும்பு தேய்ந்தவர்களுக்கு முறிகிற முதுகெலும்பு, இடுப்பு, கை என்று வருகிறது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1960-களிலும் 70-களிலும் அமெரிக்காவில் பிரபலமாக இருந்த பழைய குடல் பைபாஸ் முறையைக் கைவிட்டதற்கான காரணங்களில் எலும்பு நோயும் ஒன்று. ஆக, மருத்துவ உலகத்துக்கு இது புதிய செய்தியே அல்ல.

எலும்பு மட்டும்தானா? இல்லை. எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகும். அந்த வலி முதுகுக்கும் வலது தோள்பட்டைக்கும் பரவும். கணையம் வீங்கினாலும் முதுகு வலிக்கும். பைபாஸுக்குப் பிறகு சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு அதிகம். உள்ளே குடல் ஓர் இடைவெளியில் நுழைந்து சிக்கினால் சாப்பிட்ட பிறகு வலி வந்து வந்து போகும். வலி இல்லாத நேரத்தில் எடுத்த ஸ்கேனில் அது தெரியாமலும் போகலாம். கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைவதால், முதுகைத் தாங்கும் பலமே குறைந்துபோவதும் உண்டு.

இவ்வளவையும் விட்டுவிட்டு நடப்பது என்ன? நோயாளி எலும்பு டாக்டரிடம் போகிறார். அவர் ஸ்கேனில் "டிஸ்க் லேசாக விலகியிருக்கு" என்கிறார். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு அப்படித்தான் இருக்கிறது. ஆபரேஷன் செய்த சர்ஜனிடம் போனால், "தையல் நல்லா ஆறியிருக்கு, முதுகு என் டிபார்ட்மென்ட் இல்லை" என்கிறார். இரண்டு டாக்டர்களுக்கும் நடுவே வலி மட்டும் அனாதையாக நிற்கிறது.

அடுத்தது மெடிக்கல் ஷாப். "முதுகுவலிக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்றால் டைக்ளோஃபினாக் கைக்கு வந்துவிடும், சீட்டு யார் கேட்கிறார்கள்? பைபாஸ் செய்தவர்கள் தவிர்க்க வேண்டிய முதல் மாத்திரை வகையே அதுதான். இரைப்பைப் பையும் குடலும் இணைகிற இடத்தில் அது புண்ணை உண்டாக்கும். ரத்தம் கசியலாம், ஓட்டையே விழலாம். அந்தப் புண்ணின் வலியும் முதுகுக்குப் போகலாம். காரணம் தேடாத வலிக்குக் கொடுத்த மருந்தே புதிய காரணமாகிவிடுகிறது. இதைவிட வேறென்ன கொடுமை?

"மாத்திரையை ஒழுங்கா சாப்பிடாதது நோயாளியோட தப்பு" என்று ஒரு பதில் வரும். ஓரளவு உண்மைதான், பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஒரு நாளைக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம் கால்சியம் ஆயுள் முழுக்க வேண்டும் என்று ஆபரேஷனுக்கு முன்னால் எத்தனை பேருக்கு அழுத்தமாகச் சொல்லப்படுகிறது? கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கால்சியம் கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், அமிலம் குறைந்த இரைப்பைக்கு சிட்ரேட் பொருத்தமானது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? முன்-பின் போட்டோ போட்ட விளம்பரத்தில் அதற்கு இடமிருக்காது.

"எல்லா டெஸ்டும் எடுத்தா செலவு யார் தருவது?" என்பது இன்னொரு பதில். லட்சங்களில் பேக்கேஜ் போடத் தெரிந்தவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் ரத்தப் பரிசோதனையைச் சேர்க்கத் தெரியாதா? முறிந்த முதுகெலும்புக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது எந்த மூலைக்கு?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எந்த வகை ஆபரேஷன், எந்த மாத்திரை கூடாது என்று தமிழில் அச்சடித்த ஓர் அட்டை நோயாளியின் பர்ஸில் இருக்க வேண்டும். வருடா வருடம் வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், பி12, இரும்புச்சத்து பார்க்க வேண்டும். முதுகு வலிக்கிறது என்று வந்தால் எலும்பு, பித்தப்பை, இரைப்பை, குடல், சிறுநீரகம் என வரிசையாகப் பார்த்துவிட்டு அதன் பிறகு "தெரியவில்லை" என்று சொல்லட்டும். அப்படிச் சொன்னால் அது நேர்மை. காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடைபட்டாலோ, காய்ச்சலோ விடாத வயிற்றுவலியோ சேர்ந்து வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் அந்த அட்டையிலேயே எழுதிவிடலாம்.

எல்லா முதுகுவலியும் ஆபரேஷனால் வருவதில்லை. சிலருக்குக் கடைசிவரை காரணம் கிடைக்காமலும் போகலாம். ஆனால் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் போவதற்கும், தேடாமலே கையை விரிப்பதற்கும் உள்ள வித்தியாசம் நோயாளிக்கு நன்றாகவே தெரியும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். முதுகுவலிக்கும் அதே கதைதான். அதுவரை, வலிக்கிறது என்று சொல்பவரை நம்புவதாவது நடக்கட்டும்.